வட்டத்துக்கு வெளியே என் மெஷின்

தாராவியில் எங்கள் கார்கானா ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். லேடீஸ் பேக் தைக்கிறோம். வாசலில் முதலாளி அண்ணாச்சியின் நாற்காலி, நடுவில் தோல் வெட்டும் பாயின் மேஜை, கடைசிச் சுவரை ஒட்டி என் தையல் மெஷின். வேறு நாலு பேரும் இருக்கிறார்கள்.

போன வருஷம் அண்ணாச்சிக்கு யாரோ, ஆட்கள் வேலைக்கு வந்ததைப் பதியும் ஒரு ஹாஜிரி ஆப்பை விற்றுவிட்டார்கள். எங்கள் எல்லோர் போனிலும் அதை ஏற்றினார். கார்கானாவைச் சுற்றி ஆப் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கும். அதற்குள் நுழைந்தால் ஹாஜர். தாண்டிப் போனால் அண்ணாச்சியின் போன் மணியடித்துக் காட்டிக் கொடுக்கும். வட்டம் பெரிதாக இருந்தால் ஆட்கள் டீக்கடையில் நின்றபடியே ஹாஜர் போட்டுவிடுவார்கள் என்று, இருப்பதிலேயே சின்ன வட்டமாகத் தேர்ந்தெடுத்தார்.

முதல் நாள் நான் மெஷினில் உட்கார்ந்ததும் மணி அடித்தது.

"ஏம்மா, எங்க போயிட்ட?"

"இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி."

அவர் எழுந்து வந்து என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். "நீ வெளிய போயிட்டன்னு காட்டுதே."

"வெளிய போயிருந்தா இங்கன கட கட கடன்னு தைக்கிறது யாரு?"

"எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியல்லியே," என்றார், வருத்தமாகவே.

பாயின் கதை இன்னும் மோசம். போன் மேஜையின் இடது பக்கம் இருந்தால் அவர் ஹாஜர். வலது பக்கம் நகர்ந்தால் கைர்ஹாஜர். "என் இடது காலு வேலைக்கு வந்திருக்கு தங்கச்சி, வலது காலு லீவு," என்பார். பத்து நாளில் ஆப் என்னை நாற்பது தடவை ஓடிப்போனவளாக எழுதியிருந்தது. அண்ணாச்சி என்னைத் திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல், "கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காந்து தையேன்," என்று கெஞ்சினார்.

நான் முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். வரலாறு, இந்தி, விஞ்ஞானம் எதுவும் என்னிடம் ஒட்டவில்லை. வடிவியல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், அவற்றின் வழியே ஒரே ஒரு வட்டம்தான் போக முடியும். இதை முதலில் கேட்ட அன்று எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம். கெஞ்சினாலும் மிரட்டினாலும் இரண்டாவது வட்டம் வராது. உலகத்தில் இப்படி உறுதியாக நிற்கிற விஷயம் வேறு எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு மத்தியானம் சாக்பீசும் போனுமாகக் கிளம்பினேன். சந்தில் வடக்கே நடந்து, போனில் ஹாஜர் என்ற பச்சை சிவப்பாக மாறிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். தெற்கே நடந்து இன்னொன்று. மூன்றாவது, பாயின் மேஜைமேலேயே. போன் காட்டும் இடம் கொஞ்சம் தள்ளாடும் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். என்னவோ சர்வே நடக்கிறது, வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று எதிர் வீட்டுப் பெண்கள் பயந்துபோனார்கள். "கியா நாப் ரஹி ஹோ?" என்ன அளக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். வட்டத்தின் மையத்தைத் தேடுகிறேன் என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டேப்பால் அளந்து, பாயின் பேட்டர்ன் காகிதத்தில் சின்ன அளவில் வரைந்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் நாண்கள். கவராயத்தை வைத்து மையக்குத்துக்கோடுகள். இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில், இதுதான் மையம் என்று ஒரு புள்ளி வைத்தேன். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு, அடி அடியாக எண்ணி நடந்தேன். சந்தைத் தாண்டி, எதிர்ச் சுவரோரம், இட்லி விற்கும் அக்காவின் சாம்பார் வாளியில் போய் முட்டினேன்.

அண்ணாச்சியை அழைத்து வந்து கேட்டோம். "ஆப் போட்ட அன்னிக்கு எங்க நின்னிய?"

"கார்கானாவுலதான்."

"பொய் சொல்லாதிய அண்ணாச்சி," என்றாள் இட்லி அக்கா. "இங்கனதான் நின்னிய. ஒரு கையில வடை, ஒரு கையில போனு. ஓகேன்னு அமுக்கினது வடைக் கையாலதான். சட்னிகூடப் பட்டுச்சு."

அண்ணாச்சி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், என் மெஷின் பக்கத்தில் நின்று, இடத்தை மாற்றப் பார்த்தார். பணியிடத்துக்குள் இருந்தால்தான் மாற்ற முடியும் என்று ஆப் மறுத்தது. சாம்பார் வாளியருகே போய் அமுக்கினார். உடனே மாற்றிக்கொண்டது. ஆனால் நிற்கிற இடத்தைத்தான் அது மையமாக எடுக்கும். புது மையமும் சாம்பார் வாளி. நாலு தடவை அமுக்கினார். நாலு தடவையும் அதே வாளி. ஆப் விற்றவனின் நம்பரில் ஒரு மெஷின் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அதனிடம் நியாயம் கேட்டார்.

"அண்ணாச்சி, வட்டத்தோட ஓரத்துல நின்னு அமுக்குங்க," என்றேன். "ஓரமும் உள்ளதானே?"

பாயின் மேஜையில் என் சாக்பீஸ் புள்ளிக்கு ஒரு சாண் வாசல் பக்கமாக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். மையம் மேஜைக்கு வந்தது. என் போன் பச்சையானது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். கக்கூசுக்குப் போனேன், மணி அடித்தது. தண்ணீர் பிடிக்கப் போனேன், அடித்தது. அதுவரை நான் மெஷினில் இருந்தாலும் எங்கே போனாலும் ஆப்புக்கு வெளியே என்ற ஒரே கணக்குதான், யாரும் கவலைப்படவில்லை. இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மணி. கஷ்டப்பட்டு வரைந்து, என் சிறையை நானே எனக்கு அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

மறுநாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னை பாயின் மேஜையில் வைத்தேன். வந்ததும் எல்லோரும் போனை அதில் போட்டோம். போன்கள் நாள் முழுக்க ஒழுங்காக ஹாஜராக இருந்தன. நாங்கள் மனிதர்களைப் போலப் போய் வந்தோம்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார். டின்னைத் திறந்து பார்த்து, கத்துவதற்கு வாயைத் திறந்தார். ஏதோ யோசனை வந்து மூடிக்கொண்டார். முலுண்டில் வீட்டில் இருக்கும் அவர் சம்சாரம், எங்கள் மதினி, அண்ணாச்சி எங்கே இருக்கிறார் என்று போனிலேயே பார்த்துவிடுவார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து மெதுவாக டின்னில் வைத்தார்.

"மாதுங்காவுல இலைச் சாப்பாடு சாப்பிட்டு வாரேன். பாயசம் உண்டாம்," என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு நடந்தார். டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்தியிருந்தார்.

அரை மணியில் டின் அதிர்ந்தது. பாய் எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணாச்சியா மதினி? ஹாஜர்," என்று சொல்லிவிட்டு, தோலை வெட்டப் போனார்.