செல்வநாயகி போட்ட முதல் பிடி

மட்டுவிலில் விதைப்புக் காலம் வந்தால் என் சின்னம்மா செல்வநாயகியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அவள் முதல் பிடி போட்ட வயல் பொய்க்காதாம். பிள்ளை இல்லாதவள் என்று கல்யாண வீடுகளில் பின்னுக்குத் தள்ளிய அதே சனம், வயலுக்கு மட்டும் வெற்றிலை வைத்து அழைக்கும். அந்த ஒரு மரியாதையில்தான் அவள் தலைநிமிர்ந்து நடந்தாள்.

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோன வருடம், விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வீடு வீடாக ஒரு நச்சுத் தூள் கொடுத்தார். விதைநெல்லில் பிரட்டினால் நோய் அண்டாது, ஆனால் பிரட்டிய அன்றே விதைத்துவிட வேண்டும் என்றார். பக்கத்து வயல்காரர் தில்லைநாதன் அப்படியே செய்தார். முதல் பிடி சின்னம்மாதான் போட்டாள்.

அவளுடைய புருஷன் ஆழ்வாப்பிள்ளை (சித்தப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை) விதையைப் பிரட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"எனக்கு இண்டைக்குச் சந்திராட்டமம். பானையிலை போட்டுக் கட்டி வை."

"இஞ்சாருங்கோ, அண்டைக்கே விதைக்கச் சொல்லியெல்லே அவர் சொன்னவர்?"

"நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

சந்திராட்டமம் போய்க் கரிநாள் வந்தது, பிறகு அட்டமி. வாய் கட்டிய பானைக்குள் விதை வெந்துகொண்டு கிடந்தது. கடைசியில் சின்னம்மா முதல் பிடி போட்டு விதைத்தபோது, வேர் பிடிக்காத தடித்த கூன் முளைகளே வந்தன. ஒரு மழையோடு அவையும் அழுகிப்போயின. தில்லைநாதனின் வயலோ கரும்பச்சையாக நின்றது.

ஊர் தூளைக் குறை சொல்லவில்லை. நல்ல நாள் பார்த்து விதைத்ததென்றால் சாத்திரத்தைக் குறை சொல்லுமா? மிஞ்சியது அவள் கை. "ராசியை அயல் வயலிலை கொட்டிப்போட்டு, வெறுங்கையோடை தன்ரை வயலுக்கை இறங்கினவள்" என்றார்கள். பானைக்குள் விதை கிடந்தது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. புருஷனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், அவரே ஒருநாள் வாய் திறப்பார் என்று சின்னம்மா காத்திருந்தாள். வெற்றிலை கொண்டு வருவோர் நின்றுபோயினர்.

அடுத்த விதைப்புக்கு ஆழ்வாப்பிள்ளை வெற்றிலை கொண்டுபோய் அழைத்தது தில்லைநாதனின் மனைவி கமலாவதியை. ஓலைக் கடகத்தில் விதைநெல்லைச் சின்னம்மா ஏந்தி நின்றாள். கமலாவதிக்குக் கை கூசியது.

"அக்கா, நீங்களே போடுங்கோவன்."

சின்னம்மா புருஷனைப் பார்த்தாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "உவளின்ரை கை விளங்காது. ஊருக்கே தெரியும்."