அல்பத்தில் இல்லாத நாணயம்

மகளின் பாடசாலைக் கண்காட்சிக்காக நினைவு நாணயங்கள் வாங்க அவளும் நானும் இன்று காத்தான்குடிக்குப் போனோம். பக்கத்து வீட்டு செல்வி அக்காவும் கூட வந்தார்.

பழைய காசு விற்கும் கடைக்கார நானா நாணய அல்பத்தைப் புரட்டிக் காட்டினார். “இது சுதந்திரத்துக்கு அடிச்ச. இது கிரிக்கட் கோப்பைக்கு. இது ஆமிக்கு.”

யுத்த காலத்தில் ராணுவம் பிடித்துக்கொண்டு போன மகனை அக்கா இன்னும் தேடுகிறார்.

“காணாமப்போன பிள்ளையளுக்கு ஒண்டும் அடிக்கல்லயா நானா?” என்று கேட்டார்.

நானா அல்பத்தை மூடினார். “இல்ல தங்கச்சி.”



கண்காட்சித் தலைப்பு ‘நாணயங்களில் நம் வரலாறு’. அட்டையில் நாணயம் ஒட்டும் வட்டங்களில் ஒன்றை வெறுமையாக விடப்போகிறேன் என்கிறாள் மகள்.

டீச்சர்மார் யாராவது சொல்லுங்கள், அதற்குப் புள்ளி குறைப்பீர்களா?