செல்போனில் விலகாத குடை

சுகாசினி கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாள். முறுக்குத் தூளும் தலைமுடியும் ஒரு குண்டூசியும் விழுந்தன. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு எழுத்தாகத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா அன்னம்மாள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்பிரிட் படாத எதுவும் சுத்தமில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம்.

சின்ன காஞ்சிபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவளுடைய பிரவுசிங் சென்டர். வெப்சைட்டும் செய்து கொடுப்பாள். இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், வைகாசி. மறுநாள் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை.

கடை வாசல் நிழலில் வயதான அம்மாள் ஒருத்தி நெடுநேரமாக நின்றிருந்தாள். கிருஷ்ணம்மாள் என்று பெயர், வாலாஜாபாத்காரி. கற்பூரத் தட்டை ஏந்துவதுபோல் செல்போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. அவள் புருஷன் சபாபதி படியில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து தேறிய கால்.

"இன்னாமா, வெயில்ல வந்துட்டு நின்னுக்கினே இருக்கீங்க? உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றாள் சுகாசினி.

"இரும்மா. குடை மறைச்சிக்கினு இருக்குது. விலகினதும் வரேன்."

"எந்தக் குடை?"

கிருஷ்ணம்மாள் போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். அதற்கு மேலே 'காஞ்சி கருட சேவை' என்று எழுதியிருந்தது. சுகாசினி செய்த வெப்சைட்தான் அது.

கருட சேவையன்று விடியற்காலையில் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்ததும், ஒரு கணம் குடையால் அவரை மறைப்பார்கள். சோளிங்கரிலிருந்து வர முடியாமல் தவித்த தொட்டாச்சாரியார் என்ற பக்தருக்கு, அந்த ஒரு கணத்தில் பெருமாள் அங்கேயே போய்க் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக நம்பிக்கை. குடை விலகும்வரை கூட்டம் மூச்சு விடாது. கிருஷ்ணம்மாளும் அப்படித்தான் நின்றிருந்தாள்.

"எப்பத்துலேர்ந்து பாக்கறீங்க?"

"வாலாஜாபாத்துல பஸ் ஏறச்சொல்ல தொறந்தேன். மெட்ராஸ்ல என் புள்ள கம்ப்யூட்டர்ல பாத்தானாம். குடை விலகி பெருமாள் வராராம். நடுவுல மூடக் கூடாதுன்னு கையிலியே வெச்சிருக்கேன்."

"மாத்திரையக் கூட ஒத்தக் கையாலதான் குடுத்தா" என்றார் சபாபதி. "தண்ணி பாதி என் சட்டையில."

சிரிக்க நினைத்த சுகாசினிக்குச் சிரிப்பு வரவில்லை. "அது மறைக்கலம்மா. அந்தப் படம் உங்க போன்ல ஓடாது. எந்நேரம் நின்னாலும் அப்படியேதான் இருக்கும்."

"அப்ப ஊர்வலம் எங்க வருதுன்னு ஒரு மேப்பு இருக்குதாமே? எனக்கு அதுதாம்மா வேணும்."

அந்த மேப்பும் அதே படத்துக்குள்தான் இருந்தது.

போன வருஷம் இருவரும் மூங்கில் மண்டபத்தருகே காத்திருந்தார்கள். வந்துவிட்டது என்றார் ஒருவர், தாண்டிவிட்டது என்றார் இன்னொருவர். சபாபதியால் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. கூட்டத்தில் அவரை உட்கார வைக்கவும் இடமில்லை. கால் நடுங்க ஆரம்பித்ததும் கிருஷ்ணம்மாள் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டாள். பெருமாளைப் பார்க்கவில்லை. பெருமாள் இருக்கும் இடம் தெரிந்தால் கிட்டே போய் இறங்கிக்கொள்ளலாம் என்றுதான் பிள்ளை இந்த போனை வாங்கிக் கொடுத்திருந்தான். இன்றைக்கு டாக்டரிடம் வந்தவர்கள், நாளைக்கு மறுபடி வரவேண்டும்.

சுகாசினி அவர்களை உள்ளே உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை ஓட விட்டாள்.

அதைச் செய்தது இரண்டாயிரத்து மூன்றில். அதற்கு முன்பு பாத்திரக்கடை மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில், வெப்சைட்டில் படங்களை அசைய வைக்கும் ஃப்ளாஷ் படித்தாள். ஒரு மெஷினுக்கு மூன்று பெண்கள், மௌஸுக்குச் சண்டை. கரெண்டு போனால் அன்றைய வேலை போயிற்று. முதல் பாடம், ஒரு சிவப்புப் பந்தைத் தரையில் விழ வைத்து எழுப்புவது. பந்து எழும்பிய அன்று மூன்று பேரும் கத்திய கத்தலில், கீழே பாத்திரக்கடை முதலாளி பரசுராமன் மேலே ஓடி வந்தார். வந்தவர் பந்தைப் பார்த்துவிட்டு, "என் கடை குடத்த இப்படி உருள விட முடியுமாம்மா?" என்று கேட்டார். அதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

அந்த வருஷங்களில் ஊரில் யாருக்கும் வெறும் வெப்சைட் வேண்டாம். பட்டுக்கடை என்றால் முந்தானை தானாக விரிய வேண்டும். கல்யாண மண்டபம் என்றால் குத்துவிளக்கு ஒவ்வொரு முகமாக எரிய வேண்டும். டிராவல்ஸ்காரருக்கு வேன் ஓட வேண்டும், ஹாரனும் அடிக்க வேண்டும். டெலிபோன் லைனில் மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, படம் மெதுவாக இறங்கி வருவதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம். ஆனாலும் பார்த்தார்கள், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அதைத் தாண்டிப் போகிறவர்களுக்காக 'ஸ்கிப்' என்ற பொத்தானை மூலையில் பொடி எழுத்தில் வைப்பாள். எவராவது அதை அமுக்கினால் அவளுக்கு முகத்திலடித்த மாதிரி இருக்கும். 'ஃப்ளாஷ் சுகாசினி' என்றால் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் தெரியும்.

கருட சேவைப் படம் அவள் செய்ததிலேயே நல்லது. அதற்காக அந்த வருஷம் விடிவதற்கு முன்பே போய்க் கோபுர வாசலில் நின்றாள். சர்ச்சுக்குப் போகிற பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அன்னம்மாள் மட்டும், "பெருமாள வரையப் போறியா? வரையறத ஒழுங்கா வரை. மூக்கு கீக்கு கோணப் போவுது" என்றாள். குடை நேராக விலகவில்லை, பிடித்திருந்தவர்களின் கையோடு சேர்ந்து லேசாக நடுங்கியபடியே விலகியது. அந்த நடுக்கத்தை அப்படியே படத்தில் கொண்டுவந்தாள்.

இப்போது சபாபதி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கை எழும்ப, மற்றதைக் கிருஷ்ணம்மாள் தூக்கிச் சேர்த்து வைத்தாள்.

ஹயக்ரீவன் உள்ளே வந்தது அப்போதுதான். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சந்நிதித் தெருக்காரர். இந்த வெப்சைட் அவருடையது.

"என்னம்மா சுகாசினி, நாளைக்கு எல்லாம் தயாரா?"

"குடைய எடுத்துடலாம்னு பாக்கறேன் சார்."

அவர் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். "எடுத்துடறதா? ஏன்?"

"செல்போன்ல ஓட மாட்டேங்குது. இப்ப பாதிப் பேர் செல்போன்லதான் பாக்கறாங்க. இந்தம்மா வாலாஜாபாத்துலேர்ந்து வெறும் கட்டத்தப் பாத்து வேண்டிக்கினு வந்திருக்காங்க."

"ரெண்டு வருஷமா நீதானே சொல்லிண்டிருக்கே, ஃபோன்காராளே அதையும் ஓட வைப்பான்னு?"

"சொன்னேன். வைக்கலியே. இனிமே வைப்பாங்கன்னும் தோணல."

"அப்போ ஃபோன்ல வராதவா ஆத்துக்குப் போய் கம்ப்யூட்டர்ல பார்த்துக்கட்டுமே."

"கம்ப்யூட்டர இடுப்புல தூக்கிக்கினு தெருவுல நிக்கவா சாமி?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

ஹயக்ரீவன் அவளைப் பார்த்துவிட்டு சுகாசினி பக்கம் திரும்பினார். "குடை இல்லேன்னா சைட்டுல என்னம்மா இருக்கு? ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரின்னா இருக்கும்."

"ரயில் எங்க வருதுன்னுதான சார் இவங்க கேக்கறாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மங்கை கேப்பா" என்றார். மங்கை அவருடைய தங்கை. பெங்களூரில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஒவ்வொரு கருட சேவைக்கும் அவள் மருமகள் கம்ப்யூட்டரைக் கட்டிலருகே திருப்பி வைப்பாள். குடை விலகும்போது அழுவாளாம். "ரெண்டு தினுசா வெச்சுக்கப்படாதா? கம்ப்யூட்டருக்குக் குடை, ஃபோனுக்கு வேற?"

சுகாசினி அதையும் செய்து பார்த்திருந்தாள். சில போன்கள் தங்களைக் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்து வெறும் கட்டத்தில் நின்றன. விடிந்தால் திருவிழா, வேலை செய்யுமோ செய்யாதோ என்கிற ஒன்றை இப்போது ஏற்றக் கூடாது. நோயாளிக்குப் புது மருந்தைப் பிரயாணத்துக்கு முந்தின நாள் ஆரம்பிக்க மாட்டார்கள்.

"இன்னிக்கு முடியாது சார். ஒண்ணுதான் வெக்க முடியும்."

"நன்னாத்தானேம்மா பண்ணியிருக்கே" என்றார் அவர். "அந்த நடுக்கம் வேற யாருக்கு வரும்?"

"இத்தினி நல்லா இருக்குதே, எடுக்கணுமா?" என்றார் சபாபதியும்.

சுகாசினிக்கும் அதே கேள்விதான். வேறு எந்தப் படத்தையும் அவள் மீண்டும் இப்படிச் செய்யப் போவதில்லை. பட்டுக்கடைக்காரர்கள் முந்தானை விரிகிற படத்தை ஏற்கெனவே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மண்டபத்து விளக்கும் அணைந்துவிட்டது. இதையும் எடுத்தால் 'ஃப்ளாஷ் சுகாசினி' என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. வைத்தால், நாளைக்கு இந்த மனிதர் மறுபடியும் கூட்டத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பார்.

"எடுக்கணும்" என்றாள்.

ஹயக்ரீவன் தலையை ஆட்டினார். "மங்கையண்டை நான் பேசிக்கறேன். நாளைக்குப் பெருமாளோட நடக்கறது நான்தானே, எங்க எழுந்தருளியிருக்கார்னு அப்பப்போ உனக்கு ஃபோன் பண்றேன்."

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. எடுத்த படத்தை சுகாசினி எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. ஒரு சிடியில் ஏற்றி, 'மங்கை அம்மாவுக்கு' என்று எழுதி ஹயக்ரீவன் கையில் கொடுத்தாள். புதிய பக்கத்தில் ஒரு சின்ன போட்டோ, அதன் கீழே 'பெருமாள் இப்போது' என்ற வரி. அவ்வளவுதான். கிருஷ்ணம்மாளின் போனில் உடனே வந்தது. அவள் அதை மடியில் செருகிக்கொண்டு, ரொம்ப நேரத்துக்குப் பிறகு இரண்டு கையாலும் புருஷனைத் தூக்கி நிறுத்தினாள்.

மறுநாள் விடியும் முன்பே சுகாசினி கடையைத் திறந்தாள். முதல் போன் வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே ஹயக்ரீவன் கத்தினார். "கோபுர வாசலைத் தாண்டியாச்சு" என்று சுகாசினி புதிய பக்கத்தில் டைப் அடித்தாள். பிறகு காந்தி ரோடு. வழியில் பெருமாள் நின்று பூஜை ஏற்கும் ஒரு மண்டகப்படியில் தாமதமானபோது, "இங்கே சற்று நேரம் ஆகும், உட்காரலாம்" என்று தானாகவே சேர்த்தாள். அன்னம்மாள் கொண்டுவந்த இட்லியை ஒரு கையால் தின்றாள்.

வெயில் ஏறியபோது கிருஷ்ணம்மாள் கூப்பிட்டாள். "மூங்கில் மண்டபத்துக்கு முன்னாடியே எறங்கிட்டோம்மா. ஒரு டீக்கடைல ஸ்டூலு குடுத்தாங்க. பெருமாள் எதிர்லியே வந்துட்டார். எங்க வூட்டுக்காரர் எழுந்து நின்னு பாத்துக்கினு இருக்கார்."

"நல்லாப் புடிச்சுக்குங்க" என்றாள் சுகாசினி. அடுத்த லைனில் ஹயக்ரீவன் காத்திருந்தார். அவர் சொன்ன இடத்தை அடித்து ஏற்றினாள்.