பருத்திமாரில் எடுத்த இனிப்பு

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர் வீட்டில் பிறந்தவள் நான். வெல்லப்பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க, அப்பா ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். இறுகியதும் கடித்துப் பார்ப்பார். நொறுங்கினால் சட்டியை இறக்கலாம். சர்க்கரை வியாதி வந்து, காலில் புண் ஆறாமல் கிடந்தபோதும் அந்தக் கடியை அவர் விடவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கடிக்காம பதம் எப்படிட்டி தெரியும்?" என்பார். பதம் தெரிந்த பிறகும் இன்னொரு சொட்டு வாய்க்குள் போகும். அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பருத்தி எடுத்து முடிந்ததும் கரிசலில் பிடுங்கிப் போடும் காய்ந்த செடி, எங்கள் ஊரில் அடுப்பெரிக்கும் பருத்திமார்தான் என் சரக்கு. அதைப் பொடித்து வேகவைத்து, பூஞ்சையிலிருந்து எடுத்த நொதியை விட்டால், நார் உடைந்து ஒருவகைச் சர்க்கரை கரைந்து வரும். அதை ஈஸ்ட் சைலிட்டால் என்ற இனிப்பாக மாற்றும். சீனியைப் போலவே இனிக்கும். கலோரி குறைவு, ரத்தத்தில் சர்க்கரையையும் அவ்வளவாக ஏற்றாது. ஒரு வருஷம் நாயாய் உழைத்ததில் கிடைத்தது இரண்டு கரண்டி வெள்ளைத் தூள். பலமுறை சுத்தம் செய்து, சோதித்து, முதலில் நானே தின்று பார்த்துவிட்டு, பொங்கலுக்கு ஒரு சின்னப் புட்டியில் கொண்டுபோனேன்.

"இத்தனை வருசமா மாரை எரிச்சே தீர்த்திருக்கேன். அதுக்குள்ள இனிப்பா இருந்துச்சு?" அப்பா புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் தூள் முழுவதும் இரும்புக் கரண்டியில், அடுப்பின் மேல்.

"என்ன காரியம் செய்யுதீங்க! அப்படியே வாயில போட வேண்டியதுதானே?"

"மிட்டாய்க்காரன் தூளைத் தின்பானாட்டி? கடலை போட்டு ஒரு துண்டாவது பண்ணித் தின்னுட்டு வாரேன், இரு."

சைலிட்டால் வெல்லத்தைப் போலப் பாகாக இறுகாது. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. தண்ணீரில் விட்ட சொட்டெல்லாம் கரைந்து போக, அவர் தீயைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் கரண்டியைக் கருக்கிவிட்டார். ஒரு வருஷப் பாடு கால் மணி நேரத்தில் போனது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்பா காலிப் புட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"சில்லுன்னு இனிக்குதுட்டி. இன்னொரு புட்டி எப்ப வரும்?"

"அடுத்த பொங்கலுக்கு," என்றேன் வெடுக்கென்று.

"அது வரைக்கும் நான் முழுசா இருக்கணும்லா," என்றவர், அம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, இனிமே பாகை நீயே கடிச்சுப் பாத்துக்கோ."

இன்னும் நாலு வார்த்தை திட்ட வந்தவள், அவர் காலைக் கழுவ வெந்நீர் வைக்கப் போனேன்.