ரெய்னோவின் மீனும் ஐலியின் கையும்

ஐலி ஹாக்கலா தன் கல்யாணத்தன்று காலையில் சர்ச் வாசலில் நின்று, "இன்னிக்கு மழையே வராது பாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு குடையையும் கையில் திணித்தாள். மழை வந்தது. சும்மா வரவில்லை, மேசையிலிருந்த கேக் மிதந்து போய்ப் பாதிரியாரின் மடியில் உட்கார்ந்ததாகக் கல்லியோ ஏரி ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஒருவர் தலைகூட நனையவில்லை.

அவள் அப்படித்தான். அமெரிக்காவின் வட மினசோட்டாக் குளிரில் மனிதனுடைய நிழல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதை மண்வெட்டியால் பெயர்த்து எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் ஐலி. "இன்னிக்கு ஒரு பிள்ளையும் தட்டுல மிச்சம் வைக்காது" என்று பாடிக்கொண்டே சமைப்பாள். பன்றிகளுக்குப் போட ஒரு வாளியையும் கதவோரம் வைத்துவிடுவாள்.

நவம்பரில் அவள் கணவன் ரெய்னோவுக்குப் பக்கவாதம் வந்தது. இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆள், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. வலது கால் ஓரளவு தேறிவிடும், வலது கை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த ரெய்னோ ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏரி. உறைந்த ஏரியின் நடுவில், அவனே பலகை அடித்துப் பச்சை பூசிய மீன்குடில் நின்றது; உள்ளே உட்கார்ந்து, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் சின்ன மரக்குடில். வழக்கம்போல அவன் தம்பி ஆர்வோ டிசம்பரில் அதை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருந்தான். மார்ச் நடுவில் பனிமேல் இருக்கிற குடில்களையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அது சட்டம்.

"அந்தக் குடிலை வித்துடு ஐலி. எனக்கெதுக்கு இனிமே?"

"விக்கலாம். ஒரே ஒரு தடவை நீ அதுல உக்காந்து மீன் பிடிச்சப்புறம்."

"எந்தக் கையால?"

"வலது கை வராதுன்னுதானே டாக்டரு சொன்னாரு? இடது கையப் பத்தி அந்த மனுஷன் வாயே தொறக்கலையே."

ஆர்வோவின் வைத்தியம் வேறு. நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று சொல்லித்தரும் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தான். பிக்கப் வண்டியில் ஏறினால் அவைதான் ஓடும்.

"தெனம் காலையில கண்ணாடியப் பாத்து 'என் கை நல்லாருக்கு'ன்னு சொல்லு ரெய்னோ. தன்னால சரியாகும்."

"கண்ணாடிக்கு எல்லாம் தெரியும்டா. பொய் சொன்னா சிரிக்கும்."

ஐலி இரண்டு பேர் பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டு, காலிக் காப்பி டப்பா ஒன்றை ஒரு பலகையில் ஆணியடித்துக்கொண்டிருந்தாள். தூண்டில் கோலை டப்பாவில் நட்டுவிட்டால், இடது கையால் நூலைச் சுற்றலாம். சமையலறையில் ஒரு வாளி, முள் இல்லாத தூண்டில், நுனியில் ஒரு துணித்துண்டு. திட்டிக்கொண்டேதான் ரெய்னோ பழகினான். முதல் வாரம் முழுக்க அந்த வாளியோரத்தில் அவனுக்குச் சிக்கியது அவர்கள் வீட்டுப் பூனை ஒன்றுதான்.

"எடை போடு ஐலி. ஊர்ல சொல்லணும்ல" என்றான். நவம்பருக்குப் பிறகு அவன் அடித்த முதல் கிண்டல் அது. ஐலி அதைக் கவனிக்காதவள் மாதிரி பாத்திரத்தைத் தேய்த்தாள்.

குடில்களை எடுக்கவேண்டிய நாளுக்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு விட்டால் அடுத்த குளிர்காலம்தான். அதுவரை ரெய்னோ நாற்காலியை விட்டு எழுவானா என்பது ஐலிக்குச் சந்தேகம். ஆர்வோ அண்ணனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தான். ஐலி பனியில் துளை போடும் திருகுக் கருவியோடு முன்னால் நடந்தாள். மேல்கோட்டுக்கு மேல் உயிர்காப்புச் சட்டை, தோளில் கயிறு, பின்னால் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஒரு நீளச் சறுக்குப் பலகை. கொஞ்சம் நடப்பாள், துளை போடுவாள், கையை விட்டு அளப்பாள். ஆள் நடக்க அரைச் சாண் பனி போதும். வண்டிக்கு ஒரு முழமாவது வேண்டும். ஓடை வந்து ஏரியில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண்தான் இருந்தது.

திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்தாள். "எறங்கு ரெய்னோ. வண்டி போகாது."

"போகும்!" என்றான் ஆர்வோ. "நீ சந்தேகப்பட்டுக்கிட்டே குத்திக் குத்திப் பாக்குற. பனிக்கு அது தெரியாதா?"

"பனிக்கு உன் வண்டியோட கனம்தான் தெரியும்."

ரெய்னோ இறங்கிக் கைத்தடியை ஊன்றிக் கரையில் நின்றான். ஆர்வோ மட்டும் நிரூபித்துக் காட்டக் கிளம்பினான். ஓடைமுகம் வரைக்கும் நன்றாகத்தான் போனான். பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வண்டியின் மூக்கு தண்ணீரில் இறங்க, பின்பக்கம் வாத்து மாதிரி மேலே தூக்கியது. ஆர்வோ கதவு வழியாகக் குதித்து, இடுப்பு வரை நனைந்து, பனிவிளிம்பில் குப்புறப் படுத்தான். ஐலி கயிற்றை வீசினாள். அவன் பிடித்தான். அவள் இழுத்தாள்.

வண்டிக்குள் கேசட் நிற்கவில்லை. "இன்று உங்களைத் தடுக்க எதுவுமே இல்லை! நீங்கள் மேலே, மேலே, மேலே போய்க்கொண்டிருக்கிறீர்கள்!" என்று கணீரென்று முழங்கியபடியே அது தண்ணீருக்குள் போனது.

கரையிலிருந்து ஒரு வினோதச் சத்தம் கேட்டது. ரெய்னோ சிரித்துக்கொண்டிருந்தான். பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

"சிரிக்காத ரெய்னோ, உறைஞ்சு போயிருப்பேன்" என்றான் ஆர்வோ, பல் தந்தியடிக்க.

"நல்லதையே நெனச்சுக்கோ. ஒடம்பு சூடாயிடும்."

ரெய்னோவுக்கென்று கொண்டு வந்திருந்த மாற்றுக் கால்சட்டையை ஐலி ஆர்வோவிடம் எறிந்தாள். இரண்டு ஆர்வோக்கள் அதற்குள் குடியிருக்கலாம். காப்பியை வாயில் ஊற்றியதும் அவன் உதடு நீலத்திலிருந்து பழைய நிறத்துக்குத் திரும்பியது.

"சரி," என்றான் ரெய்னோ, குடிலைப் பார்த்து. "இப்ப நான் எப்படி அங்க போறது?"

ஐலி அந்தக் கேள்விக்காகத்தான் நான்கு மாதமாகக் காத்திருந்தாள். சறுக்குப் பலகையைக் காலால் தட்டினாள்.

"அதுலயா? செத்த மானை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும்."

"செத்த மான் இவ்வளவு பேசாது. உக்காரு."

அவளும் ஆர்வோவும் ஓடைமுகத்தைச் சுற்றி, துளை போட்டுப் பார்த்த தடத்திலேயே அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆர்வோ ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டான். குடிலில் அடுப்பு மூட்டி, பனியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். மத்தியானம் வரை ஒன்றும் கடிக்கவில்லை.

பிறகு கோல் வளைந்தது. ரெய்னோ அதை டப்பாவில் நட்டான். இடது கை சுற்றியது. நூல் கீச்சிட்டது. மீனின் தலை துளையின் வாய்வரை வந்து அவனை ஒரு முறை முறைத்தது. பிடித்துத் தூக்க இன்னொரு கை வேண்டும். ஐலி கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டுப் பாய்வதற்குள் மீன் ஒரு உதறு உதறிப் போய்விட்டது.

'அடுத்த தடவை கட்டாயம் கிடைக்கும்' என்று சொல்ல ஆர்வோ வாயெடுத்தான். ஐலி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"போயிடுச்சு" என்றாள் ஐலி.

"ஆமா. போயிடுச்சு."

"காப்பி?"

"குடு. அந்தத் தூண்டிலயும் இங்க குடு. அடுத்த வருஷம் வரும்போது மீனைக் கொத்தித் தூக்க ஒரு கொக்கி எடுத்துட்டு வா."

அடுத்த வருஷம் என்றான். ஐலி அவசரமாக அடுப்பில் விறகு போடத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கக் கூடியவர்கள் முதலில் ஆர்வோவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வருஷாவருஷம் ஒரு பழைய காரைப் பனியில் நிறுத்தி, அது என்றைக்கு மூழ்கும் என்று பந்தயம் கட்டுவது அந்த ஊர் வழக்கம். "இந்த வருஷம் உன் வண்டியையே கணக்குல வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்கள். வண்டியைச் சாயங்காலமே சங்கிலி போட்டு இழுத்தாயிற்று என்று ஆர்வோ கத்தினான்.

"அது கெடக்கட்டும். மீனு எவ்வளவு பெரிசு?" என்று யாரோ ரெய்னோவிடம் கேட்டார்கள்.

ரெய்னோ இடது கையைத் தூக்கினான். வலது கை மடியிலேயே கிடந்தது. தப்பிப்போன மீனின் நீளத்தை ஒரு கையால் காட்ட முடியாது. அவரவர் தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

ஐலி கோப்பையைக் கீழே வைத்தாள். அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, தன் வலது கையைத் தூக்கி அவன் கைக்கு எதிரே நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு" என்றான் ரெய்னோ.

தள்ளினாள்.

"இன்னும்."

"அவ்வளவுதான். நானும் பாத்தேன்ல?"

"தள்ளு ஐலி."

ஐலி யோசித்தாள். பிறகு இரண்டு விரற்கடை தள்ளினாள். அதற்கு மேல் அசையவில்லை.