மலர்ச்சாலைச் சுவரில் என் முகம்

நான் குடை திருத்துகிறவன். கொழும்பில் கொட்டாஞ்சேனைக் கோயில் ஒழுங்கை முனையில் ஒரு சாக்கு, ஒரு குறடு, கொஞ்சம் கம்பி, ஊசி நூல். இவ்வளவுதான் என் கடை. மழை பெய்தால் நான் ராசா. வெயில் அடித்தால் ராசா சும்மா குந்தியிருப்பார். படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதில் என்னைவிட வாத்தியாருக்குத்தான் கூடச் சந்தோசம்.

சும்மா இருக்கிற என் திறமையை முதலில் மதித்தவள் துறைமுகக் கந்தோரில் டைப் அடித்த ஒரு பிள்ளை. வெள்ளவத்தையிலிருந்து வேலைக்கு வருவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, மீன் விற்கிற அக்காவையும் தண்ணீர்க் குழாயடி வரிசையையும் பென்சிலால் கீறிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் ஆடாம அசையாம இருப்பீங்களோ?"

"மழை வருமட்டும் இருப்பன் பிள்ளை."

பத்து நாள் மழை வரவில்லை. அதில் மூன்று நாள் என் மூக்குக்கே போனது.

அவள் கீறிய படங்களை ஹெவ்லொக் டவுனில் ஒரு கலரி எடுத்துக்கொண்டது. கலரி என்றால் தியேட்டரில் முன்னுக்கு இருக்கிற மலிவு வாங்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அது நாங்கள் நோனா என்று கூப்பிடுகிற ஒரு சிங்கள அம்மாவின் பழைய வீடு. முன் ஹோல் பெயரெடுத்த ஓவியர்களுக்கு. பின்னால் இருந்த சாப்பாட்டறை புதியவர்களுக்கு. புதியவர்களிடம் அவர் ஒரு சதமும் வாங்கமாட்டார். கண்ணாடி போட்ட பன்னிரண்டு சட்டங்கள் அவரே செய்து வைத்திருந்தார். புதியவர்கள் அந்த அளவுக்குக் கடதாசியை வெட்டிக் கீறவேண்டும். ஒருவருக்கு ஒரு மாதம். அது முடிந்தால், அதே சட்டங்களுக்குள் அடுத்தவருடைய படங்கள் போகும். பெட்டிஸும் கோர்டியலும் வைக்கும் மேசையைப் பின்னறையின் கடைசி மூலையில்தான் போடுவார். பெரியவர்களைப் பார்க்க வருகிற கூட்டம், வயிற்றுக்காக என்றாலும் சின்னவர்களைத் தாண்டிப் போகட்டும் என்ற கணக்கு.

நோனாவிடம் கண்டிப்பான ஒரு சட்டமும் இருந்தது. பின்னறை வாசலில் ஒரு கொப்பி இருக்கும். பார்க்க வருகிறவர்கள் அதில் எழுதவேண்டும். கொப்பியில் ஆட்கள் நிறைந்தால் அடுத்த வருசம் முன் ஹோல் கிடைக்கும். நிறையாவிட்டால் அந்த ஒரு மாதத்தோடு சரி. அதுவோ பஸ்ஸில் சொந்தக்காரன் இல்லாத ஒரு பையைக் கண்டால் எல்லோரும் குண்டு என்று குதித்து ஓடுகிற காலம். படம் பார்க்க எவன் வீட்டை விட்டு வருவான்? அவளுக்கு முந்தி வந்தவருக்கு அரைப் பக்கம்தான் கிடைத்ததாம். "முன் ஹோல் கிடைக்காட்டி நான் இதை விட்டுடுவன் அண்ணே," என்று அந்தப் பிள்ளை அமைதியாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நோனா செலவில் போஸ்டர் அடித்தார்கள். கறுப்பு மை, தடித்த கறுப்புக் கரை, நடுவில் என் முகம். கீழே நாள், நேரம், ஹெவ்லொக் டவுன் முகவரி, அந்தப் பிள்ளையின் பெயர். ஓவியக் கண்காட்சி என்று அவள் வளைத்து நெளித்து எழுதியிருந்ததை நான் பூக்கொடி என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டு, சனம் நின்று பார்க்கிற சுவர்களாகத் தேடினேன். கோயில் மதில், பஸ் நிலையத் தூண், எல்லாவற்றையும்விடச் சனம் நின்று வாசிக்கிற, சவப்பெட்டி விற்கிற மலர்ச்சாலைச் சுவர். அங்கே ஏற்கெனவே அதே அளவுக் கடதாசிகளில் சில முகங்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் என்னை ஒட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மரியாதையான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாளும் கலரியில் ஆணி அடிக்கப் போய்விட்டேன். ஒழுங்கை முனையில் என் சாக்கு இல்லை. என் வீடு ஊரின் மறுகோடியில், பாமன்கடையில். கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கும் அது எங்கே என்று தெரியாது.

கண்காட்சி தொடங்கிய சனிக்கிழமை காலை, மைத்துனரின் காற்சட்டையை இடுப்பில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். பதினொரு மணிக்குக் கொப்பியில் நான்கு பேர். அதில் ஒருவர் தபால்காரர். அவள் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. வெள்ளை உடுப்போடு கோயில் ஒழுங்கை முழுக்க இறங்கியது. கையில் ஒரு மலர்வளையம். அதைப் பார்த்துத்தான் சோதனைச் சாவடியில் ஒன்றும் கேட்காமல் விட்டார்களாம். செத்த வீட்டில் வாசலில் கொப்பி இருக்கும், முதலில் அதில் எழுதவேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். வரிசையாக நின்று எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். எதிரே சுவரில் லைட் வெளிச்சத்தில் என் முகம். அதற்குக் கீழே, வாயில் அரைப் பெட்டிஸோடு நான்.

மாளிகாவத்தையில் எனக்குக் குடைச்சீலை தருகிற முஸ்லிம் கடைக்கார நானாதான் முதலில் வாய் திறந்தார்.

"நீ மவுத்தெண்டு கடய மூடிட்டு வந்தீக்கிறன். இப்ப நா என்ன செய்ய?"

"பெட்டிஸ் இருக்கு நானா. சாப்பிடுங்க."

மீன்கார அக்கா அழுத கண்ணோடு வந்து என் தலையில் குட்டினாள். போஸ்டரில் இருந்த பெயரை என் மகளின் பெயர் என்று நினைத்து, அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேறு போனாள். போகிற வழியில் சுவரில் தன்னைக் கண்டு நின்றுவிட்டாள். கனநேரம் பார்த்தாள்.

"என்ர முகத்த நீ எப்பிடியும் கீறு பிள்ள. சூரைக்கு இப்பிடியா வால் இருக்கும்?"

அந்தப் பிள்ளை பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து, எப்படி இருக்கும் என்று கேட்டாள். அக்கா விரல்களை விரித்துக் காட்டினாள். அதோடு தொடங்கியது. குழாயடி வரிசையில் யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். தன் வீட்டு யன்னலைக் கண்டுபிடித்தவர் எல்லோரையும் இழுத்து வந்து காட்டினார். வான்காரன் நான்கு தரம் கூப்பிட்டும் ஒருவரும் போகவில்லை. இரண்டு மணித்தியாலம்.

அவர்கள் போனபின் நோனா கொப்பியைப் புரட்டினார். ஆறு பக்கம். தமிழ் வாசிக்கத் தெரியாததால், என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்டார். அவள் முகம் செத்துப்போனது. ஆழ்ந்த அனுதாபங்கள், ஆன்மா சாந்தியடையட்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். ஒருவர், "நல்ல மனுசன். அவர் திருத்தின குடை இன்னும் ஒழுகுது" என்று எழுதியிருந்தார். எல்லாம் சொல்லிவிட்டு, இதெல்லாம் தன்னுடைய கணக்கில் வராது என்று தானே சொன்னாள்.

நோனா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எனக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னார்: வந்தது இவனுக்காக. இவன் சாகவில்லை என்று தெரிந்த பிறகு நின்றது உனக்காக. அடுத்த வருசம் முன் ஹோல் உனக்கு.

அவள் கொப்பியை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் இன்னொரு பெட்டிஸ் எடுத்தேன்.

நீயும் எழுது என்று நோனா அவளிடமிருந்து கொப்பியை வாங்கி, பேனையோடு என்னிடம் தந்தார். என் எழுத்துக்கள் ஒரு வரிசையில் நிற்காது. அதனால் ஒரு குடை கீறினேன். நோனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காளான் நன்றாக இருக்கிறது, பின்னறை உனக்கு வேண்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மலர்வளையத்தை என் மனுசி வீட்டுக் கதவில் கொழுவினாள். வீணாக்கக் கூடாதாம்.

அடுத்த வருசப் போஸ்டரில் முகம் இல்லை. ஒரு சூரை மீன். அதையும் நான்தான் மலர்ச்சாலைச் சுவரில் ஒட்டினேன். மீன்கார அக்கா வந்து குனிந்து பார்த்தாள். வால் சரி என்றாள்.