சுண்ணாம்பு தடவாத கலயம்

இதை எழுத எனக்குப் பல வருஷம் துணிச்சல் வரவில்லை. பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். போன வாரம் செந்துறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "தண்டனையைக் கூட்டுங்க சார், ஜெயிலெல்லாம் தானா காலியாயிடும்" என்றார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம்.

நாற்பதுகளின் கடைசி. சுதந்திரம் வந்த சந்தோஷத்தில் கைதிகளை விட்டார்கள். அரியலூர் சப்-ஜெயிலுக்கு வெள்ளையடித்தார்கள். பின்னாலேயே எங்கள் பக்கமும் மதுவிலக்கு வந்தது. கள் இறக்கினால் ஜெயில். பதநீர் இறக்கலாம் — ஆனால் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவாவிட்டால் புளித்துவிடும், சட்டத்துக்கு அது கள்தான்.

நான் கைதட்டி வரவேற்றேன். குடிக்காதவனுக்குக் கைதட்ட என்ன கஷ்டம்?

எங்கள் பனைகளில் ஏறுகிறவன் அங்கமுத்து. அந்தச் சித்திரையில் மாரியம்மனுக்குப் பதநீர்ப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தேன். சுண்ணாம்பு வாடை சாமிக்கு ஆகாது, ஒரு கலயம் மட்டும் தடவாமல் கட்டு என்றேன். அவன் தயங்கினான்.

"சாமி காரியம்டா. யாரு கேக்கப்போறா?"

கேட்டார்கள். போலீஸார் அவனை மரத்தடியிலேயே பிடித்தார்கள்.

கோர்ட்டில், யார் சொல்லி இறக்கினாய் என்றார் மாஜிஸ்ட்ரேட். அங்கமுத்து திரும்பி என்னைப் பார்த்தான். நெற்றி நிறைய விபூதியோடு நான் தரையைப் பார்த்தேன்...

"நானாத்தாங்க" என்றான்.

முதல் தப்பு, கண்டித்து விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். மூன்று மாதம் போட்டார்கள்.

திருச்சி ஜெயிலுக்கு அனுப்புமுன் சப்-ஜெயிலில் பார்க்கப் போனேன் — பதநீருக்குப் பதில் வெல்லம் போட்டு வைத்த பொங்கலோடு. வெள்ளையடித்த அந்த அறையில் கால் நீட்ட இடமில்லை. முக்கால்வாசி கள் கேஸ். "பழைய திருடனுங்கதான் பாவம், ஒதுங்கி எடம் குடுக்கறானுங்க" என்று வார்டர் சிரித்தார். வெளியே ஊரில் குடிப்பவன் ஒளிந்து குடித்துக்கொண்டுதான் இருந்தான். சட்டம் மாறியதில் ஜெயில்தான் நிறைந்தது, வேறென்ன?

அங்கமுத்து பொங்கலைத் தொடவில்லை. "நீங்க எந்திரிச்சு சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க" என்றான்.

விடுதலையான பிறகு அவன் எங்கள் பனையில் ஏறவேயில்லை. நான் இன்றும் அம்மன் முன்னால் போய் நிற்கிறேன். அவள் எதுவும் கேட்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

யாரிடமாவது இதைச் சொல்வீர்களானால், எழுதியபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, கதை புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிவிடாதீர்கள்.